மழை கொத்திய இருபது சிலாப்பு

மண்ணாங்கட்டி மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. இந்த ஆடி வந்தால் மூன்று வருஷம் ஆகிறது. ஆள் செத்த பிறகு ஆறிவிடும் என்று பார்த்தேன், ஆறவில்லை.

நான் கொத்தனார். பெருமுக்கலிலிருந்து மரக்காணம் வரைக்கும் நான் பூசாத தெரு கிடையாது. என் பூச்சில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும் என்று சொல்வார்கள். என் வாய்க்குப் பயந்து சித்தாள் ஒருத்தரும் ஒரு மாசத்துக்கு மேல் நின்றதில்லை, அது வேறு விஷயம். கையைப் பற்றி யாரும் ஒரு சொல் சொன்னது கிடையாது. அப்படிப்பட்ட கையைப் பார்த்துத்தான், காலில் துணி சுற்றிய ஒரு உப்பளத்து ஆள், படித்தவர்கள் நாலு பேரை வைத்துக்கொண்டு சொன்னான்:

"மேஸ்திரி கெட்டுப்போச்சுன்னு தூக்கிப் போட்டாரே, அதாங்க நல்ல வேலை. மத்தது எல்லாம் வீணுங்க."

சொன்னது பொய்யாக இருந்தால் நான் அன்றைக்கே மறந்திருப்பேன். உண்மை என்பதால்தான் இன்னும் உறுத்துகிறது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். மரக்காணத்து உப்பளத்தின் கடைசிக் கரையில், கடல் தண்ணீரை இழுத்துப் பாத்திக்கு விடும் ஒரு மோட்டார் கொட்டகை இருக்கிறது. அதை ஒட்டி ஒரு ஷெட்டும் எட்டுத் தொட்டியும் கட்ட வேண்டும் என்று கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர் ரேணுகா மேடம். கடல் சமாச்சாரம் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவர், ஊசி போடுகிற டாக்டர் இல்லை. எதற்கு மேடம் தொட்டி, இறாலா என்றேன். பவளம் என்றார். பவளம் நகைக்கடையில் விற்பது என்று நான் நினைத்திருந்தேன். அது ஒரு பூச்சி மாதிரியான உயிர், ஒன்றன்மேல் ஒன்று வீடு கட்டிக்கொண்டே போகும், அப்படிக் கட்டியதுதான் பவளப்பாறை என்றார். கட்டுகிற சாதி என்றதும் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது.

குஞ்சு எள்ளில் பாதிகூட இருக்காதாம். பிறந்ததும் தண்ணீரில் மிதந்து திரியுமாம். நாலு நாளோ பத்து நாளோ உட்கார இடம் தேடுமாம். ஒரு இடத்தில் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் சாகும்வரை எழுந்திருக்காதாம். அரசாங்க உத்தியோகம் மாதிரி என்று எனக்குப் புரிந்தது. ஆனால் உட்கார்ந்ததில் ஆயிரத்துக்கு ஒன்று இரண்டுதான் வருஷம் தாண்டும் என்றார். இந்தத் தொட்டிகளில் அதுகளைச் சிமென்ட் சிலாப்பின்மேல் உட்கார வைத்து வளர்க்க வேண்டும். தேறினால் கரைக்கு வெளியே கடலுக்கடியில் இருக்கும் பாறையில் கொண்டுபோய் வைக்க வேண்டும். படகுக்காரர்கள் அந்தப் பாறையை 'பார்' என்பார்கள். அங்கேதான் மீன் கூடும்.

சாண் சதுரத்தில் இருநூறு சிலாப்பு கேட்டார். நூற்றெண்பதைச் சிமென்ட்டுப் பால் விட்டு இழைத்துக் கண்ணாடி மாதிரி கொடுத்தேன். கடைசி இருபதை ஈரத்தோடு வெளியே பரப்பி வைத்திருந்தபோது ஒரு கோடை மழை பிடித்துக்கொண்டது. பெரிய பெரிய சொட்டு. கால்மணி நேரம்தான். இருபதும் அம்மை போட்ட முகம் மாதிரி ஆகிவிட்டது. ஒவ்வொன்றிலும் நூறு குழி. மழையைத் திட்டி, வானத்தைத் திட்டி, அதுகளை ஷெட்டுக்குப் பின்னால் தூக்கிப் போட்டுவிட்டு, வேறு இருபது ஊற்றிக் கொடுத்தேன். என் பேரைச் சொல்லிக்கொண்டு அப்படி ஒரு சாமான் வெளியே போகக்கூடாது.

தொட்டிகளைப் பார்த்துக்கொள்ள மேடம் வைத்த ஆள்தான் மண்ணாங்கட்டி. உப்பளத்திலேயே பிறந்தவன். பாத்தி மிதித்தே வளர்ந்தவன். என்னைவிட இரண்டு வயசு மூப்பு. அவனுக்கு முன்னால் அவன் அம்மாவுக்கு நாலு பிள்ளை. நாலுக்கும் நல்ல நல்ல பேராக வைத்து, எண்ணெய் தடவி, பொட்டு வைத்து, வருகிறவர் போகிறவர்க்கெல்லாம் காட்டினார்கள். ஒன்றுகூட ஒரு வயசு பார்க்கவில்லை. ஐந்தாவதாக இவன் பிறந்ததும் தொப்புள் கொடி அறுத்த கையோடு குப்பைமேட்டில் உருட்டிவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி போய் யாரோ போட்ட பிள்ளை மாதிரி எடுத்து வந்து, ஒரு படி தவிட்டுக்கு அவன் அம்மாவுக்கே விற்றாள். மூக்கில் துளை போட்டு, மண்ணாங்கட்டி என்று பேர் வைத்து, குளிப்பாட்டுவதைக்கூடக் குறைத்துவிட்டார்கள். வேண்டாத பிள்ளை என்று நினைத்து எமன் திரும்பிப் பார்க்காமல் போவான் என்று கணக்கு. எமன் ஐம்பத்து மூன்று வருஷம் ஏமாந்தான். மூக்குத் துளை கடைசிவரை இருந்தது.

அவனுக்குச் சர்க்கரை. குதிகாலில் ஒரு புண். முப்பத்தைந்து வருஷம் உப்புத் தண்ணீரில் நின்ற கால் அது, எதைப் போட்டாலும் ஆறாது. இனிமேல் உப்புத் தண்ணீரில் கால் வைத்தால் முட்டிக்குக் கீழே எடுத்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த நேரத்தில் காய்ந்த தரையும் ஒரு நாற்காலியும் உள்ள வேலை கிடைத்தது. ஆனால் ஷெட்டுக்கு நாலு வருஷத்துக்குத்தான் உத்தரவு. நாலாம் வருஷக் கடைசியில் தில்லியிலிருந்து ஒரு குழு வரும். உயிரோடு குஞ்சு இருந்தால் இன்னும் ஐந்து வருஷம். இல்லாவிட்டால் பூட்டு. குஞ்சு நின்றால் மண்ணாங்கட்டிக்குக் காலும் நிற்கும். இதில் ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை, வேலைக்குச் சேர்த்த அன்றைக்கே மேடம் சொல்லிவிட்டார்.

இப்படி ஒரு நிலையில் மனுஷன் எவ்வளவு அக்கறையாக இருப்பான்? அந்த அக்கறைதான் முதல் வருஷத்தைக் கொன்றது.

உப்பளத்தில் பாசி என்றால் எதிரி. பாத்தித் தரையில் பச்சை ஏறினால் உப்பு கெட்டுப்போகும். வழித்து எறிந்து, மிதித்து மிதித்துத் தரையை இறுக்கி, பளிச்சென்று வைத்திருப்பார்கள். அந்தப் பழக்கத்தில் மண்ணாங்கட்டி சிலாப்புகளைத் தினமும் எடுத்துத் தேங்காய் நாரால் தேய்த்து வைத்திருக்கிறான். மேடம் தாய்ப் பவளத்தைத் தொட்டியில் வைத்து, பௌர்ணமிக் கணக்குப் பார்த்து, பிறந்த குஞ்சுகளைச் சிலாப்பு இருந்த தொட்டிகளில் விட்டார். மூன்று வாரம் கழித்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒரு சிலாப்பிலும் ஒன்றும் இல்லை. எனக்கு மட்டும் பெருமையாக இருந்தது, ஏனென்றால் சிலாப்பு நான் கொடுத்த அன்றைக்கு இருந்ததைவிட மினுங்கியது.

யார் தேய்த்தது என்று மேடம் கேட்டார். நான்தாங்க, தினம் ரெண்டு வேளை என்று நிமிர்ந்து நின்று சொன்னான். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் தொட்டி விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்புறம் பொறுமையாக விளக்கினார். புது சிமென்ட்டில் குஞ்சு உட்காராது, அதில் காரம் இருக்கும். மாதக்கணக்கில் கடல் தண்ணீரில் ஊறி, வழுவழுவென்று அழுக்குப் படிந்து, அதன்மேல் ரோஸ் நிறத்தில் ஒரு பாசி சுண்ணாம்புபோல் படர வேண்டும். அந்த வாசனை பிடித்துத்தான் இது குடியிருக்கிற இடம் என்று குஞ்சு இறங்கும். ஆனால் பாசியிலும் எல்லாம் நல்லதில்லை. மயிர்போல் வளரும் பச்சை குஞ்சை மூடி அமுக்கிவிடும். அதைத் தின்ன சின்ன நத்தை விட வேண்டும். நத்தை பெரிதாகிவிட்டால் பாசியோடு குஞ்சையும் சேர்த்து வழித்துவிடும். மேலே வண்டல் படிந்தாலும் மூச்சு முட்டிச் செத்துவிடும்.

மண்ணாங்கட்டி எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். பிறகு டீக்கடையில் என்னிடம் கேட்டான், "அழுக்கு வேணும், ஆனா ஓவர் அழுக்கு வேணாம்னா என்னா வேலைப்பா இது?"

இரண்டாம் வருஷம் தேய்க்காமல் கையைக் கட்டிக்கொண்டு இருந்தான். சிலாப்பில் ரோஸ் படர்ந்தது. குஞ்சும் உட்கார்ந்தது. கண்ணுக்குத் தெரியாது, மேடத்தின் கண்ணாடிக்குத்தான் தெரியும். மேடம் நாலு நாள் சென்னைக்குப் போனார். மூன்றாவது நாள் இவனுக்குத் தாங்கவில்லை. அழுந்தத் தேய்க்கவில்லையாம், பழைய பனியனை நனைத்துச் சும்மா ஒரு துடை துடைத்தானாம். அதோடு அந்த வருஷமும் போயிற்று. என்னிடம் ரகசியமாகத்தான் சொன்னான். நான் அவனை அரைமணி நேரம் திட்டினேன், கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். மண்ணாங்கட்டி கோபப்படவில்லை. திட்டி முடித்ததும், இப்பத்தான் மனசு லேசாச்சு என்றான். மறுநாள் மேடத்திடமும் போய் ஒப்புக்கொண்டான். அவர் திட்டவில்லை. அதுதான் அவனுக்கு ரொம்ப நாள் வருத்தம்.

இனி என் சிலாப்புக் கதை. தொட்டிகளில் வழியும் தண்ணீர் ஒரு வாய்க்காலாகப் பின்பக்கம் ஓடும். மோட்டாருக்குப் போக அதைத் தாண்ட வேண்டும். கால் நனையக்கூடாதே என்று, நான் தூக்கிப் போட்ட இருபது சிலாப்பையும் எடுத்து, குழி விழுந்த பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து, ஜல்லிமேல் வரிசையாக வைத்துப் படி மாதிரி போட்டுக்கொண்டான். அம்மைத் தழும்பைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றுதான் கவிழ்த்தானாம். தினம் பத்துத் தடவை மிதித்துப் போவான். சாக்கடைப் படியை யார் தேய்ப்பார்கள்?

மூன்றாம் வருஷம் ஆடி மாசம் ஒரு காலையில் ஒரு சிலாப்பு அவன் காலடியில் ஆடியது. ஜல்லி முட்டுக் கொடுக்கலாம் என்று புரட்டினான். அடிப்பக்கம் ரோஸ் படர்ந்து, மழை போட்ட குழிகளுக்குள் குழிக்கு ஒன்றாக, கடுகு அளவில், நடுவில் நட்சத்திரம் மாதிரி கோடு போட்ட பொட்டுகள். புரட்டின வேகத்திலேயே திரும்பக் கவிழ்த்துவிட்டு மேடத்துக்குப் போன் போட்டான்.

மேடம் வந்து புடவையோடு சாக்கடையோரம் குப்புறப் படுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தார். தொட்டிகளில் விட்ட குஞ்சுகளில் தப்பி வழிந்தவை அங்கே போய்க் குடியேறியிருந்தன. அடுத்த வாரம் அவரோடு படித்தவர்கள் நாலு பேர் வந்தார்கள். தொட்டி கசிகிறது என்று அன்றைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மேடம் காரணம் சொன்னார். அடிப்பக்கம் என்பதால் வண்டல் படியவில்லை. வெளிச்சம் குறைவு என்பதால் பச்சை வளரவில்லை. குழிக்குள் இருப்பதால் நத்தை வாய் எட்டவில்லை. யாரும் சுத்தம் பண்ணவில்லை. நாலு காரணம். இதில் கொத்தனாருக்கு ஏதாவது பங்கு உண்டா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் மண்ணாங்கட்டி அந்தச் சொல்லைச் சொன்னான். நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவர் சிரித்தார்.

அதோடு விட்டார்களா? அதே மாதிரி குழி போட்டு இன்னும் ஐம்பது வேண்டும் என்றார்கள். ஆணியால் குத்தினேன். துடைப்பத்தால் கொத்தினேன். மொட்டை மாடியில் ஏறி நின்று பூவாளியால் தண்ணீர் ஊற்றினேன், தெருவே வேடிக்கை பார்த்தது. மேடம் பார்த்துவிட்டு, நல்லாத்தான் இருக்கு, ஆனா மழை போட்ட மாதிரி வரலை என்றார். முப்பது வருஷம் வழவழப்பாகப் பூசக் கற்றவன், ஒழுங்காகக் கெடுக்கத் தெரியாதவன் என்று பேர் வாங்கினேன்.

இருபதில் மூன்று சிலாப்பில்தான் நின்று வளரும் என்று தோன்றியது. மேடம் அந்த மூன்றைத் தனித் தொட்டியில் கவிழ்த்து வைத்து, நம்பர் போட்டு, வாரம் ஒருமுறை எண்ணி நோட்டில் எழுதுவார். எண்ணும்போது மண்ணாங்கட்டி வெளியே போய்விடுவான். பிள்ளைகளை எண்ணக்கூடாது என்பான். தண்ணீர் மாற்றும்போது, "சனியனுங்களே, இன்னும் சாவலையா நீங்க?" என்று அவன் கொஞ்சுவதை நானே கேட்டிருக்கிறேன்.

முதலில் நாலு சிலாப்பு இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு நாள் படம் எடுக்க யாரோ வந்து, ஒன்றை எடுத்துத் தொட்டி விளிம்பில் வெயிலில் வைத்து, என்ன அழகு, என்ன அழகு என்று பத்து நிமிஷம் பிடித்தார்கள். மூன்றாம் நாள் அதில் இருந்ததெல்லாம் செத்து வெள்ளையாகிவிட்டது. வெயில் பட்டது, காய்ந்தது, கை பட்டது என்றார் மேடம். கண் பட்டது என்றான் இவன். இரண்டு பேரும் ஒரே சிலாப்பைப் பார்த்துத்தான் பேசினார்கள். இனிமேல் வெளியாளுக்குக் காட்ட வேண்டாம் என்பதில் இரண்டு பேருக்கும் வித்தியாசம் இல்லை.

மறுவருஷம் கார்த்திகையில் ஃபெஞ்சல் புயல் வந்தது. அடித்து ஓய்ந்த காலையில், நான் போட்ட ஷெட்டுக் கூரை நிற்கிறதா என்று பார்க்கப் போனேன். உப்பளம், ரோடு, கழிமுகம் எல்லாம் ஒரே தண்ணீர். முட்டியளவு நடந்து போனால், கூரை நின்றது. உள்ளே மண்ணாங்கட்டி இரண்டு காலுக்கும் பிளாஸ்டிக் பை மாட்டி சைக்கிள் டியூபால் கட்டிக்கொண்டு, தொட்டியில் விரலை விட்டு நக்கிக்கொண்டிருந்தான்.

கரண்ட் இல்லை. ரோடு அறுந்து மேடம் சென்னையில் மாட்டிக்கொண்டார். தண்ணீரில் உப்பு குறைந்தால் குஞ்சு செத்துவிடும், மழைத் தண்ணீரோ கடலையே மாற்றிக்கொண்டிருந்தது. மழை தொடங்கும்போதே, வெளித் தண்ணீர் உள்ளே ஏறாதபடி இவன் வாய்க்காலை அடைத்துவிட்டான். அதற்கு முன்பே பதினோரு டிரம்மில் கடல் தண்ணீர் பிடித்து மூடி வைத்திருந்தான். ஒரு மணிக்கொரு தடவை நாக்கில் வைத்துப் பார்த்து, உப்பு குறைந்தால் டிரம்மிலிருந்து வாளியால் மொண்டு மாற்றுவான். சின்ன வயசிலிருந்து பாத்தித் தண்ணீரை நாக்கில் வைத்து, எப்போது உப்பு இறங்கும் என்று சொன்னவன். கருவி தேவையில்லை. மூன்று நாள் அப்படியே இருந்தான். நானும் வாளி தூக்கினேன், திட்டிக்கொண்டேதான்.

நாலாம் நாள் மேடம் கருவியோடு வந்து பார்த்தார். உப்பு இருக்க வேண்டிய அளவில் இருந்தது. மூன்று சிலாப்பிலும் சேர்த்து நாற்பத்தாறு, ஒவ்வொன்றும் ஒரு ரூபாய்க் காசு அகலத்தில். ஒன்றும் போகவில்லை. மண்ணாங்கட்டி காலில் கட்டிய பையை அவிழ்த்தபோது உள்ளே இருந்து தண்ணீர் கொட்டியது. பை எப்போது ஓட்டையாயிற்று என்று அவனுக்கே தெரியாது. அந்தக் காலில் ரொம்ப நாளாகவே உணர்ச்சி இல்லை.

தை மாசம் தில்லிக் குழு வந்தது. எட்டுப் பேர், மூன்று கேமரா. மேடம் மூன்று சிலாப்பையும் முதல் தொட்டியில் வைக்கச் சொல்லிவிட்டு, அவர்களை அழைத்துவர மெயின் ரோட்டுக்குப் போயிருந்தார். மண்ணாங்கட்டிக்குப் புது வெள்ளைச் சட்டை வாங்கிக் கொடுத்திருந்தார். நான் சுண்ணாம்பு அடிக்கப் போயிருந்தேன்.

குழுவின் தலைவர் கண்ணாடி போட்ட, தமிழ் தெரிந்த, நல்ல மனுஷர். ஏழை எளியவரோடு சிரித்துப் பேசத் தெரிந்தவர். வந்த கெடுதல் அதனால்தான். வந்ததும் வராததுமாக மண்ணாங்கட்டி தோளில் கை வைத்து, "என்னப்பா, நம்ம பிள்ளைங்க எல்லாம் நல்லா கொழுகொழுன்னு இருக்காங்களா?" என்று கேட்டார்.

பிள்ளை என்று சொன்னார். கொழுகொழு என்றும் சொன்னார். எட்டுப் பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எங்கங்க ஐயா," என்றான் மண்ணாங்கட்டி. "எல்லாம் குப்பைங்க. ஒண்ணும் தேறாது."

மேடம் சிரித்தார், விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று. குனிந்து முதல் தொட்டியைப் பார்த்தார். தொட்டியில் தண்ணீர் மட்டும் இருந்தது. சிலாப்பு எங்கே என்று மெதுவாகக் கேட்டார்.

"அழுகிப்போச்சுங்க. தூக்கிப் போட்டுட்டேன்."

மேடத்தின் முகத்தை நான் பார்க்கவில்லை. நான் பார்த்தது வேறு. மோட்டார் கொட்டகை மூலையில், ஆயில் டின்னுக்குப் பின்னால் ஒரு பழைய தொட்டி உண்டு. அதன்மேல் ஈரச் சாக்கு போர்த்தியிருந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. நான் வாயைத் திறந்திருக்கலாம். ஊரில் இல்லாத வாய் எனக்கு. ஆனால் மழை கொத்தின சிலாப்பைத் தில்லிக்காரர் படம் பிடித்து நாடு முழுக்கக் காட்டுவதைப் பார்க்க எனக்கும் ஆசை இல்லை. சுண்ணாம்பு மட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இதை வேறு யாரிடமும் நான் சொன்னதில்லை.

அவர்கள் கார் ரோட்டில் ஏறியதும் மண்ணாங்கட்டி மேடத்தைக் கூட்டிப்போய்ச் சாக்கை விலக்கினான். நாற்பத்தாறும் இருந்தது. எட்டுப் பேர் கண்ணும் மூன்று கேமராவும் படாமல் எடுத்து வைத்ததற்கு மேடம் சந்தோஷப்படுவார் என்றுதான் அவன் முகம் சொன்னது.

"ஏன் மண்ணாங்கட்டி இப்படிப் பண்ணீங்க?"

"நோட்டுல நாப்பத்தாறுன்னு எழுதி வெச்சிருக்கீங்க இல்லீங்க? அவங்க அத பாத்து எழுதிக்க மாட்டாங்களா? நேர்ல எதுக்குங்க பாக்கணும்?"

மேடம் போன் போட்டார், படம் அனுப்பினார். வழியிலேயே சாப்பாட்டு நேரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்களாம். உயிருள்ளவை எதுவும் காணப்படவில்லை, பராமரிப்பாளரே நேரில் உறுதி செய்தார் என்று அறிக்கை. அவன் வாழ்க்கையில் அவன் சொன்ன சொல்லை எழுத்தில் ஏற்றுக்கொண்டது அந்த ஒருமுறைதான்.

அந்த அம்மாள் அப்போதும் திட்டவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்க அம்மா உங்களையும் யாருக்கும் காட்டலையா?" என்று கேட்டார்.

"மூணு வயசு வரைக்கும் காட்டலீங்க. அதான் நிக்கிறேன்."

மாசியில் ஷெட்டைப் பூட்டினார்கள். மேடம் இரண்டு சிலாப்பை ஐஸ்பெட்டியில் கடல் தண்ணீர் விட்டுச் சென்னைக்குக் கொண்டுபோனார். ஏ.சி. ரூம், கண்ணாடித் தொட்டி, நாலு தடவை வடிகட்டின தண்ணீர். ஒரு மாசத்தில் இரண்டும் வெள்ளையாகிவிட்டது என்று அவரே போன் பண்ணிச் சொன்னார். மூன்றாவதை மோட்டார் தொட்டியிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். நோட்டில் மொத்தம் இரண்டு என்று எழுதியிருந்தார். எண்ணத் தெரியாதவர் இல்லை அவர்.

மண்ணாங்கட்டி பாத்திக்குத் திரும்பினான். வேறு என்ன வேலை தெரியும் அவனுக்கு? அவன் பெண்சாதி செல்லம்மாள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். காலுக்கு ரப்பர் பூட்ஸ் வாங்கிப் போட்டுக்கொண்டான். பூட்ஸுக்குள் உப்புத் தண்ணீர் போனால் வெளியே வராது என்பது பிறகுதான் தெரிந்தது. பாத்திக்குத் தண்ணீர் இழுக்க மோட்டார் தினம் ஓடும். அந்தத் தண்ணீர் முதலில் மூலைத் தொட்டியில் விழுந்து அப்புறம் பாத்திக்குப் போகும்படி ஒரு குழாயைத் திருப்பி வைத்திருந்தான். முதலாளிக்குத் தெரியாது. மத்தியானச் சோற்றுக்கு எல்லோரும் கரையேறும்போது இவன் அங்கே போய்ச் சாக்கை விலக்கி, கொஞ்ச நேரம் திட்டிவிட்டு வருவான்.

ஆடியில் காலை எடுத்தார்கள். முட்டிக்குக் கீழே என்று டாக்டர் முதலில் சொன்னதுதான், ஆனால் அது ஐந்து வருஷத்துக்கு முந்தின கணக்கு. முட்டிக்கு மேலே எடுத்தும் சீழ் நிற்கவில்லை. ஆவணி மூன்றாம் வாரம் செல்லம்மாள் போன் பண்ணி, "அண்ணே, உங்களத்தான் கேட்டுக்கினே இருக்காரு" என்றாள். போனேன்.

வார்டில் கடைசிக் கட்டில். ஜுரத்தில் கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் உட்காரச் சொல்லவில்லை. என்னய்யா, அந்தச் சொல்லுக்கு இப்போதாவது மன்னிப்புக் கேட்கிறாயா என்று கேட்டேன். எந்தச் சொல் என்றான். அவனுக்கு ஞாபகமே இல்லை. இரண்டு வருஷமாக நான் மட்டும் சுமந்திருக்கிறேன்.

புரட்டாசியில் மோட்டாரை நிறுத்திவிடுவார்கள் என்று ஆரம்பித்தான். மழை வந்தால் உப்பளத்தில் வேலை இல்லை, மோட்டார் நின்றால் தொட்டி நாலு நாளில் நாறிவிடும். அதற்குள் சிலாப்பைப் பாருக்குக் கொண்டுபோக வேண்டும். பாருக்கு மீன் பிடிக்கப் போகும் படகுக்காரப் பையன் தேவாவிடம் பேசிவிட்டானாம், முங்கி வைக்கவும் அவனுக்குத் தெரியுமாம். வாளியில் கடல் தண்ணீர் விட்டு, அதற்குள் வைத்து, மேலே ஈரச் சாக்கு போட்டு எடுத்துப் போக வேண்டும். வெயில் படக்கூடாது. குழி இருக்கும் பக்கம் கீழே இருக்க வேண்டும், ஆனால் அடியில் இரண்டு விரல் சந்து வேண்டும். கொத்தனார் புத்தியில் தேய்த்துக் கீய்த்து வைக்காதே என்றான். எண்ணாதே என்றான். ஒன்றொன்றாகச் சொல்லச் சொல்ல மூச்சு வாங்கியது.

தேவாவே வைத்துவிடுவானே, நான் எதற்கு என்று கேட்டேன்.

"தேவா நல்ல பையன்ப்பா. வைக்கும்போது நல்லா இருங்கன்னு சொல்லிடுவான்," என்றான். "நீ கூடப் போ. தண்ணில எறக்கும்போது உன் வாயால நாலு வார்த்தை திட்டு, மேஸ்திரி. அந்த டீக்கடையில என்னைத் திட்டினியே, அந்த மாதிரி. நல்லா, கடல்ல இருக்கிறது எல்லாம் கேக்கற மாதிரி திட்டு."